பெயரும் பதிவேடும்

நேயர்களே, பெரியபுராணம் கற்றவர்கள் திருவெண்ணெய்நல்லூர் அவையை மறந்திருக்க மாட்டார்கள். மணக்கோலத்தில் இருந்த நம்பியாரூரரைத் தம் அடிமை என்று உரிமை கொண்டாடி முதியவர் ஒருவர் வருகிறார். கையில் ஓர் ஓலை வைத்திருக்கிறார். சினங்கொண்ட நம்பியாரூரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு அவைக்குப் போகிறது. கிழிபட்டது படியோலைதான் என்றும் மூல ஓலை தம்மிடம் பத்திரமாக இருக்கிறது என்றும் முதியவர் கூறுகிறார். அவையோர் அதை உடனே நம்பிவிடவில்லை. நம்பியாரூரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிடத்திலிருந்து வருவித்து, இரண்டு கையெழுத்துகளையும் ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புக் கூறுகின்றனர்.

இக்கதையின் பக்திப் பொருளைப் பெரியோர் பலர் விரித்துரைத்துள்ளனர். இன்று நாம் இதில் வேறொன்றைக் காண்போம். சேக்கிழார் வாழ்ந்த 12ஆம் நூற்றாண்டிலேயே ஓர் ஆவணத்திற்கு நான்கு தேவைகள் உண்டு என்பதைத் தமிழர் அறிந்திருந்தனர். ஆவணத்தைப் பிழையின்றி எழுத வேண்டும். மூலத்தைக் காக்க வேண்டும். ஐயம் எழுந்தால் ஒப்புநோக்க வேண்டும். வழக்கு வந்தால், பாதிக்கப்பட்டவன் வாய்திறந்து பேசுவதற்கு ஓர் அவை வேண்டும். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஆவணக்களரி என்ற சொல்லைக் காண்கிறோம். நில விற்பனை போன்றவற்றின் ஆவணங்கள் முறைப்படி எழுதப்பட்ட இடம் அது.

எழுதுதல், காத்தல், ஒப்புநோக்குதல், கேட்டல் என்னும் இந்த நான்கு கால்களின்மேல்தான் இன்றைய பதிவு அலுவலகமும் நிற்கிறது. காகித ஏட்டிலிருந்து கைப்பேசித் திரை வரை சிங்கப்பூரில் பதிவு எவ்வாறு வளர்ந்தது, அவ்வளர்ச்சியில் எந்தக் கால் வலுப்பெற்றது, எந்தக் காலை நாம் இன்னும் தாங்கிப் பிடிக்க வேண்டியுள்ளது என்பவற்றை இனி ஆராய்வோம்.

இதைப் பேசுவதற்கு மார்சிலிங் பொருத்தமான இடம். சிங்கப்பூரின் வடபகுதியில், உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் அமைந்த குடியிருப்பு அது. தீவை ஜோகூருடன் இணைக்கும் கடற்பாலம் 1924ஆம் ஆண்டு முறைப்படி திறக்கப்பட்டது. அப்பாலத்தின் அருகிலேயே மார்சிலிங் இருக்கிறது. கிழக்கே சற்றுத் தொலைவில், செம்பவாங்கில், பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இருந்தது. தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையினராய் அங்கே வேலை பார்த்தனர். 1970களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகள் அங்கு எழுந்தன. 1996 பிப்ரவரி 10ஆம் நாள் மார்சிலிங் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. எல்லை ஒருபுறம், தளம் ஒருபுறம், புதுவீடு ஒருபுறம் என அமைந்த வட்டாரத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு துண்டுக் காகிதத்தின் அருமை பெரிது. நீ யார், எங்கே பிறந்தாய், எங்கே குடியிருக்கிறாய் என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்தக் காகிதமே விடை.

ஓர் ஐயத்தை முதலில் நீக்கிக்கொள்வோம். தமிழ்நாட்டைப்போல் நகராட்சி, ஊராட்சி என்ற தனித்தனி உள்ளாட்சிகள் பிறப்பு இறப்பைப் பதிவு செய்யும் முறை சிங்கப்பூரில் இல்லை. அங்கு பதிவு நாட்டளவிலான பணி. ஆயினும் மக்கள் அப்பணியை நேரில் சந்தித்தது பெரும்பாலும் அக்கம்பக்கத்தில்தான். மருத்துவமனை முகப்பு, போலிஸ் நிலையம், சமூக மன்றம் ஆகிய இடங்களே பொதுமக்களுக்குப் பதிவு அலுவலகமாய் விளங்கின.

சிங்கப்பூரில் பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் 1872ஆம் ஆண்டிலிருந்து உள்ளன. இங்கிலாந்தில் குடிமைப் பதிவு தொடங்கியது 1837ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில். அதற்கு முன்னர் அங்கே தேவாலய ஏடுகளே ஆதாரம். அரசு ஏன் பிறப்பையும் இறப்பையும் எண்ண விரும்பியது? நோய் எங்கே பரவுகிறது, எத்தனை பேர் மாண்டனர், எத்தனை பேர் பிறந்தனர் என்று தெரிந்தால்தான் துறைமுக நகரை ஆள முடியும். ஆகவே தொடக்கத்தில் பதிவேடு ஆள்பவரின் கருவியாய் இருந்தது. அதுவே தன் உரிமைக்கும் கருவி என்பதைக் குடிமகன் பின்னரே உணர்ந்தான்.

நம் முன்னோரில் பலர் சிங்கப்பூரில் பிறந்தவர்கள் அல்லர். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ ரஜூலா போன்ற கப்பல்களில் ஏறி வந்தவர்கள். சென்னை மாகாணத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1899ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. சிற்றூர்களில் கிராம முன்சீப்பே அந்த ஏட்டை எழுதி வந்தார். சொன்னவர் பிறப்பு பதிவாயிற்று, சொல்லாதவர் பிறப்பு பதிவாகவில்லை. பெண் குழந்தை பிறந்தால் சொல்லப் போகாத வீடுகளும் உண்டு. எனவே கப்பலிலிருந்து இறங்கிய தொழிலாளியிடம் பிறந்த நாள் கேட்டால், சித்திரை மாதம், அனுட நட்சத்திரம், பெருமழை பெய்த ஆண்டு என்று சொல்வார். மேசைக்கு அப்பால் இருந்த எழுத்தர் ஓர் ஆங்கில ஆண்டை மதிப்பிட்டு எழுதிக்கொள்வார். அந்த மதிப்பீடே அத்தொழிலாளியின் வாழ்நாள் முழுவதும் உண்மையாகிவிடும்.

பதிவு எப்போதும் நன்மையே செய்தது என்றும் சொல்வதற்கில்லை. 1942ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூரைக் கைப்பற்றிய ஜப்பானியர், சீன ஆடவர்களை வரிசையில் நிறுத்திச் சோதித்தனர். விடுவிக்கப்பட்டவர்களின் காகிதத்திலோ, சட்டையிலோ, கையிலோ சோதிக்கப்பட்டவர் என்னும் முத்திரை குத்தப்பட்டது. முத்திரை பெற்றவர்கள் வீடு திரும்பினர். பெறாதவர்களில் பல்லாயிரவர் திரும்பவே இல்லை. ஒரு மனிதன் வாழ்வதும் மாள்வதும் ஒரு மை அடையாளத்தில் தொங்கிய காலம் அது. பதிவைப் பற்றிப் பேசுகிற எவரும் இதை மறத்தல் கூடாது.

1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே தேசியப் பதிவுச் சட்டமும் அடையாள அட்டையும் வந்தன. கம்யூனிஸ்ட் போராளிகளையும் பொதுமக்களையும் பிரித்தறிவது அரசின் நோக்கம். மலாயாக் காடுகளை அடுத்த தோட்டங்களில் போராளிகள் தொழிலாளர்களின் அட்டைகளைப் பறித்து அழித்தனர். அட்டை இல்லாவிடில் காவலரிடம் தொல்லை, அட்டை இருந்தால் காட்டிலிருந்து வருபவரிடம் தொல்லை என்று தோட்டத் தமிழர் இருதலைக்கொள்ளி எறும்பாயினர். ஸ்வீடன் நாடு தன் மக்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கத் தொடங்கியது 1947ஆம் ஆண்டு. அங்கே வரிக்கும் நலத்திட்டங்களுக்கும் அமைதியான காலத்தில் வந்த முறை, இங்கே பாதுகாப்புக்காக வந்தது. தோற்றுவாய் வேறாயினும், போகப் போக இரண்டும் ஒரே பயனை நோக்கி நகர்ந்தன.

அப்பயனைத் தெளிவாகக் காட்டியது 1957ஆம் ஆண்டின் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம். வெளிநாட்டில் பிறந்திருந்தாலும், முந்திய பத்தாண்டுகளில் எட்டாண்டுகள் சிங்கப்பூரில் வாழ்ந்தவர் விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொண்டு குடிமகனாய்ப் பதிந்துகொள்ளலாம் என அது வழிவகுத்தது. அப்போது பதிந்துகொண்டவர்களும் உண்டு. ஊருக்குத் திரும்பிவிடப் போகிறோமே, நமக்கு எதற்கு என்று விட்டவர்களும் உண்டு. சிங்கப்பூர் 1965 ஆகஸ்ட் 9ஆம் நாள் தனிநாடாயிற்று. 1966ஆம் ஆண்டு மே மாதத்தில் மறுபதிவு தொடங்கி, குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு அட்டையும் நிரந்தரவாசிகளுக்கு நீல அட்டையும் வழங்கப்பட்டன. 1965ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி குடிமக்கள் அல்லாதார்க்கு வேலை அனுமதி தேவையாயிற்று. 1967ஆம் ஆண்டு கடற்பாலத்தில் குடிநுழைவுச் சோதனை வந்தது. அதுவரை அடுத்த தெருவுக்குப் போவதுபோல் ஜோகூருக்குப் போய் வந்தவர்கள், கையில் ஆவணத்தோடு வரிசையில் நின்றனர்.

1968 ஜனவரியில், தன் படைகளைத் திரும்பப் பெறப்போவதாகப் பிரிட்டன் அறிவித்தது. 1971ஆம் ஆண்டு முடிவில் பெரும்பகுதி வெளியேறியது. தளத்தில் வேலை இழந்தவர்களில் குடியுரிமை பெறாத இந்தியர் பலர் இந்தியாவுக்குத் திரும்பினர். ஒரே வேலை, ஒரே கொட்டகை, ஒரே கோயில் திருவிழா என்று வாழ்ந்த இருவரில் ஒருவர் தங்கவும் மற்றவர் கப்பலேறவும் நேர்ந்ததென்றால், அவர்களிடையே இருந்த வேறுபாடு பல வேளைகளில் பத்தாண்டுகளுக்கு முன் பதிந்துகொண்டதும் பதியாமல் விட்டதும்தான். பதிவு என்பது வெறும் எழுத்துவேலை அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தங்கியவர்களுக்கு அடுத்து வந்த கேள்வி முகவரி. கம்பத்து வீடுகளுக்குச் சாலையின் கட்டை எண்தான் அடையாளம். இத்தனையாவது கட்டை, இன்னார் கடைக்குப் பின்புறம் என்றால் தபால்காரர் கண்டுபிடித்துவிடுவார். அடுக்குமாடி வீட்டுக்கு வந்ததும் கட்டடத்துக்கு ஓர் எண், மாடிக்கு ஓர் எண், வீட்டுக்கு ஓர் எண் என ஆயிற்று. 1995ஆம் ஆண்டு ஆறு இலக்க அஞ்சல் குறியீடு வந்தபோது, ஒவ்வொரு கட்டடமும் தனக்கென ஒரு குறியீட்டைப் பெற்றது. பிற்காலத்தில் கணிப்பொறி முகவரியை ஐயமின்றி அறிவதற்கு இது பெருந்துணையாயிற்று. வீடு மாறியவர் 28 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. 1983ஆம் ஆண்டு முதல் தோன்றிய அக்கம்பக்கப் போலிஸ் நிலையங்களில் மக்கள் அடையாள அட்டையைக் கொடுத்து முகவரியை மாற்றிக்கொண்டனர். அங்கே பணியில் இருந்தவர் அட்டையிலுள்ள படத்தையும் எதிரே நிற்பவரின் முகத்தையும் ஒருமுறை பார்ப்பார். எளிய செயல்தான், ஆனால் திருவெண்ணெய்நல்லூர் அவையோர் செய்த ஒப்புநோக்குதலும் அதுவே.

இனித் தேக்காவுக்கு வருவோம். லிட்டில் இந்தியாவை ஒட்டியுள்ள கண்டாங் கெர்பாவ் என்ற பெயருக்கு மலாய் மொழியில் எருமைத் தொழுவம் என்பது பொருள். அங்கிருந்த மருத்துவமனை 1924ஆம் ஆண்டு முதல் மகப்பேற்று மருத்துவமனையாய்ப் பணியாற்றிற்று. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. உலகிலேயே ஒரே மகப்பேற்று நிலையத்தில் ஓராண்டில் பிறந்த மிக அதிகமான குழந்தைகள் என்ற சாதனையாய் அது குறிக்கப்பட்டது. சராசரி பார்த்தால் ஒரு நாளைக்கு நூறு குழந்தைகளுக்கு மேல். அத்தனை குழந்தைகளுக்கும் பெயர் எழுத வேண்டும். எழுதும் கையோ ஆங்கிலத்தில் எழுதும் கை.

தமிழ்ப் பெயர்களின் சோதனை இங்கேதான் தொடங்கியது. ழகரத்திற்கு ஆங்கிலத்தில் எழுத்தில்லை. குறில் நெடில் வேறுபாட்டைக் காட்டுவதற்கும் உறுதியான வழியில்லை. தந்தை சொன்னதை எழுத்தர் தம் காதுக்குக் கேட்டபடி எழுதினார். எழுதியதைத் தந்தையால் படித்துப் பார்க்க முடியாத காலம். ஒரே தந்தைக்குப் பிறந்த மூவரின் சான்றிதழ்களில் தந்தை பெயர் ஒன்றில் சாமி என்றும், ஒன்றில் சுவாமி என்றும், மற்றொன்றில் சமி என்றும் முடியும் குடும்பங்களை நாம் அறிவோம். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லாததால், இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதைக் குறிக்கும் சுருக்கம் ஒரு சாய்கோட்டுடன் இரண்டு பெயர்களுக்கிடையே அமர்ந்தது. அந்தச் சாய்கோட்டை ஏற்க மறுக்கும் கணிப்பொறிப் படிவங்கள் இன்றும் உண்டு.

கணிப்பொறி எப்போது வந்தது? சிங்கப்பூரில் 1981ஆம் ஆண்டு தேசியக் கணிப்பொறி வாரியம் அமைக்கப்பட்டது. அரசுப் பணிகளைக் கணிப்பொறிமயமாக்கும் திட்டமும் அவ்வாண்டிலேயே தொடங்கிற்று. 1991ஆம் ஆண்டு அடையாள அட்டை இன்றைய சிறிய அட்டை வடிவம் பெற்றது. 1998ஆம் ஆண்டு குடிநுழைவுத் துறையும் தேசியப் பதிவுத் துறையும் ஒன்றாயின. 2003 ஏப்ரல் முதல் நாளன்று அவற்றுடன் எல்லைச் சோதனைப் பணியும் சேர்ந்து, குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையம் உருவாயிற்று. ஆக, நீ யார் என்று எழுதுபவரும், எல்லையில் நீ யார் என்று கேட்பவரும் ஒரே கூரையின்கீழ் வந்தனர்.

அடையாள எண்ணின் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்து இருப்பதைக் காண்கிறோம். அது அலங்காரத்துக்கு வைத்ததன்று. 1999ஆம் ஆண்டு வரை பிறந்தோரின் எண்ணை எடுத்துக்கொள்வோம். அதன் ஏழு இலக்கங்களை முறையே 2, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, கூட்டுத்தொகையை 11ஆல் வகுத்தால் ஒரு மீதி கிடைக்கும். அந்த மீதிக்கு உரிய எழுத்தே இறுதியில் நிற்பது. எழுதும்போது ஏதேனும் ஓர் இலக்கம் பிசகினால் மீதி மாறிவிடும், எழுத்துப் பொருந்தாது, கணிப்பொறி உடனே மறுத்துவிடும். எழுத்தரின் கைப்பிழையைக் கண்டுபிடிக்கும் காவலாளி ஒருவரை எண்ணுக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டார்கள்.

எண்ணுக்குக் காவலாளி உண்டு, பெயருக்கு இல்லை. வளர்மதி என்பதை வளர்மாதி என்று படிக்கும்படி எழுதினால், இது பிழை என்று எந்தப் பொறியும் சொல்லாது. பெயரைப் பெற்றவரும் பெற்றோரும்தான் சொல்ல வேண்டும். வலைவழிப் பதிவைப் பற்றி நாம் அறிய வேண்டிய முதன்மையான உண்மை இதுவே எனக் கருதுகிறோம்.

2003 மார்ச்சில் சிங்பாஸ் வந்தது. ஓர் அடையாள எண்ணையும் மறைச்சொல்லையும் கொண்டு பல அரசு அலுவலகங்களின் கதவுகளை வீட்டிலிருந்தபடியே திறக்கும் சாவி அது. 2016ஆம் ஆண்டு மைஇன்ஃபோ என்னும் ஏற்பாடு வந்தது. அரசிடம் ஏற்கெனவே உள்ள பெயர், பிறந்த தேதி, முகவரி முதலியவற்றை ஒவ்வொரு படிவத்திலும் மீண்டும் எழுத வேண்டியதில்லை. மூல ஏட்டிலிருந்து அவை தாமே வந்து நிரம்பும். பழைய காலத்தில் ஓர் எழுத்துப் பிழை ஒரு தாளில் கிடந்தது. மற்றொரு தாளில் சரியாக எழுதப்பட்டும் இருக்கலாம். இன்று மூலம் சரியாக இருந்தால் வங்கிக்கும், பள்ளிக்கும், மருத்துவமனைக்கும் சரியாகவே போகும். மூலம் பிழையாக இருந்தால் அந்தப் பிழையும் அதே வேகத்தில் போகும். வாய்க்காலில் கலங்கினால் ஒரு வயல், ஏரியில் கலங்கினால் எல்லா வயலும் என்பது உழவர் அறிந்த செய்தி.

2018 ஜூனில் பெற்றோர்களுக்கான கைப்பேசிச் செயலி ஒன்று வெளிவந்தது. சில அரசு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளை அதன்வழி பதியலாம் என்றாயிற்று. அவற்றுள் ஒன்று, முன்பு நாம் கண்ட அதே கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை. அதற்குள் அது கேகே மகளிர், சிறார் மருத்துவமனை என்று பெயர் மாறியிருந்தது. அச்செயலி 2020இல் லைஃப்எஸ்ஜி என்ற பெயர் பெற்றது. 2022 மே 29ஆம் நாள் புதிய பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் நடப்புக்கு வந்தது. அன்று முதல் காகிதச் சான்றிதழ் நின்று, மின்னிலக்கச் சான்றிதழே வழங்கப்படுகிறது. மருத்துவமனை பிறப்பை மின்வழி தெரிவிக்கிறது. பெற்றோர் சிங்பாஸ் வழி நுழைந்து பெயரை எழுதிப் பதிகின்றனர். இறப்பை மருத்துவர் மின்வழிச் சான்றளித்ததும் அது தானே பதிவாகிறது. துக்கம் நேர்ந்த வீட்டார் அலுவலகம் தேடி ஓட வேண்டியதில்லை.

இம்மாற்றம் சிங்கப்பூருக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 2023ஆம் ஆண்டு திருத்தப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதலிய பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம். கிராம முன்சீப்பின் ஏட்டிலிருந்து தமிழ்நாடும் நெடுந்தொலைவு வந்துவிட்டது.

மார்சிலிங்கில் எட்டாம் மாடியில் வாழும் ஒரு பாட்டியை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். தாத்தா காலமாகிச் சில நாட்கள் ஆகின்றன.

"தாத்தாவோட சாவுப் பத்திரம் எங்கேப்பா?" என்று பாட்டி கேட்கிறார்.

"இதோ, கைப்பேசியில இருக்கு பாட்டி," என்கிறான் பேரன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்த பாட்டி, "இதுல யாரு கையெழுத்துப் போட்டிருக்காங்க?" என்று கேட்கிறார்.

பேரன் விழிக்கிறான். பாட்டி படிக்காதவராக இருக்கலாம், ஆனால் கேட்ட கேள்வி அவையோர் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு விடை உண்டு. மின்னிலக்கச் சான்றிதழில் கட்டங்கட்டமாய் ஒரு கியூஆர் குறியீடு அச்சாகியிருக்கிறது. சான்றிதழைப் பெறும் அலுவலகம் அதைக் கைப்பேசியால் படித்து, ஆணையத்தின் பதிவோடு ஒத்திருக்கிறதா என்று உடனே சரிபார்க்கலாம். தாளில் தெரிவது படியோலை. மூல ஓலை பதிவகத்தில் இருக்கிறது. படியோலை கிழிந்தாலும் நனைந்தாலும் கவலையில்லை. காத்தல், ஒப்புநோக்குதல் ஆகிய இரண்டு கால்களும் இவ்வாறு முன்னைக்காட்டிலும் வலுப்பெற்றன என்பதில் ஐயமில்லை.

ஆனால் ஒப்புநோக்கும் பணியைப் பொறியிடம் ஒப்படைக்கும்போது, அப்பொறி எதை ஒப்புநோக்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2020 அக்டோபரிலிருந்து முகவரி மாற்றத்தை வலைவழி தெரிவிக்கலாம் என்றாயிற்று. புதிய முகவரிக்கு அஞ்சலில் ஓர் இரகசிய எண் வரும். அதைப் பதிந்தால் மாற்றம் உறுதியாகும். பிறர்பொருட்டு ஒருவர் மாற்றித் தரும் வசதியும் இருந்தது. 2025 ஜனவரியில் இவ்வசதியில் ஏமாற்று வெளிப்பட்டது. களவாடிய சிங்பாஸ் கணக்குகளைக் கொண்டு, பிறருடைய அடையாள எண்ணையும் அட்டை வழங்கிய தேதியையும் கொடுத்து, அவர்களின் முகவரியைத் தங்கள் கைக்கு எட்டும் இடத்துக்குச் சிலர் மாற்ற முயன்றிருந்தனர். ஏறத்தாழ 80 பேரின் முகவரிகள் இவ்வாறு குறிவைக்கப்பட்டன. ஜனவரி 11ஆம் நாள் ஆணையம் அச்சேவையை நிறுத்திவைத்தது. பின்னர் முகச் சரிபார்ப்பைச் சேர்த்து, தமக்கும் குடும்பத்தாருக்கும் மாற்றும் வசதியை மட்டும் மீண்டும் தொடங்கிற்று. அக்கம்பக்கப் போலிஸ் நிலையத்தில் ஒருவர் நிமிர்ந்து பார்த்த அந்த ஒரு பார்வை, வேறு வடிவில் திரும்பி வந்தது எனலாம்.

இன்னொரு படிப்பினையும் உண்டு. அடையாள எண்ணைக் கண்ட கண்ட இடங்களில் கேட்டு வாங்குவதைத் தனியார் நிறுவனங்கள் நிறுத்த வேண்டும் என்ற நெறிமுறை 2019 செப்டம்பர் முதல் நாள் நடப்புக்கு வந்தது. ஆயினும் 2024 டிசம்பரில், நிறுவனப் பதிவுக்குரிய பிஸ்ஃபைல் இணையத்தளம் புதுப்பிக்கப்பட்டபோது, பெயரைத் தேடினால் முழு அடையாள எண்ணும் வெளியே தெரிந்தது. மக்கள் கவலை தெரிவிக்கவே, தேடும் வசதி சில நாட்களில் நிறுத்தப்பட்டது. அரசு வருத்தம் தெரிவித்தது. எண் என்பது பெயரைப்போல் ஓர் அடையாளம். அதையே மறைச்சொல்லாகவும் பயன்படுத்தினால், வீட்டுக் கதவில் பெயர்ப்பலகையையே பூட்டாக மாட்டியதுபோல் ஆகும்.

இனி எஞ்சி நிற்பது நான்காம் கால், அவை. எழுத்தர் இருந்த காலத்தில் அவர் பிழை செய்தார், உண்மை. ஆனால் அவரிடம், "ஐயா, இது என் அப்பா பேரில்லை" என்று சொல்ல முடிந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குத் தெருவோரம் அமர்ந்து மனு எழுதித் தரும் ஒருவரும் இருந்தார். திரைக்கு முன் அமர்ந்த பாட்டி யாரிடம் சொல்வார்? திரையில் பெரும்பாலும் ஆங்கிலம். ஒருமுறைக் கடவுச்சொல் வந்து மறைவதற்குள் கண்ணாடியைத் தேட வேண்டும். பேரன் செய்து கொடுப்பான் என்கிறோம். பேரன் இல்லாத பாட்டியும் உண்டு. பேரன் என்று சொல்லிக்கொண்டு வரும் மோசக்காரனும் உண்டு.

இக்குறையை அரசும் உணர்ந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டு கொவிட் காலத்தில் மின்னிலக்க அலுவலகம் ஒன்று அமைக்கப்பட்டு, மின்னிலக்கத் தூதர்கள் முதியோருக்கும் உணவங்காடிக் கடைக்காரர்களுக்கும் கைப்பேசியைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தனர். சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் உதவி மையங்கள் திறக்கப்பட்டன. இவர்கள் வெறும் தொழில்நுட்ப உதவியாளர் அல்லர். பழைய கடிதம் எழுதுவோரின் வழிவந்தவர்கள், அவைக்கு வாயிலாய் இருப்பவர்கள். தமிழில் பேசக்கூடிய ஒருவர் அங்கே அமர்ந்திருப்பது, விலை உயர்ந்த ஒரு கணிப்பொறியைக் காட்டிலும் சில வேளைகளில் பெரிது.

நேயர்களே, இந்த வரலாற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டியது யாது? பதிவேடு ஓலையாயிருந்தாலும் திரையாயிருந்தாலும் நான்கு கால்களும் வேண்டும். அவற்றுள் காத்தலும் ஒப்புநோக்குதலும் இன்று பெரும்பாலும் பொறியின் பணி. கேட்டல் இன்னும் மனிதரின் பணி. எழுதுதலோ, எழுத்தர் கையிலிருந்து நம் கைக்கே வந்துவிட்டது. கேகே மருத்துவமனைப் படுக்கையருகே அமர்ந்து கைப்பேசியில் பெயரைத் தட்டும் இளந்தந்தைதான் இன்றைய பதிவு எழுத்தர். அவர் அவசரப்பட வேண்டியதில்லை, பிறப்பைப் பதிவதற்கு 42 நாட்கள் உண்டு. அழகான தமிழ்ப் பெயரைத் தேர்ந்தவர், அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதை வீட்டுப் பெரியவர்களோடு கலந்து, தந்தை பெயர் மூத்த குழந்தையின் சான்றிதழில் எவ்வாறு உள்ளதோ அதனோடு ஒப்பிட்டு, ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தலாம்.

நம் பாட்டனாருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் சொன்னார், யாரோ எழுதினார்கள். எழுதியது சரியா என்று பார்க்க அவருக்கு எழுத்துத் தெரியவில்லை. பிழையான பெயரோடும் மதிப்பீட்டுப் பிறந்த நாளோடும் அவர் வாழ்ந்து முடித்தார். அவர் பேரனுக்கு எழுத்தும் தெரியும், எழுதுகோலும் கையில் இருக்கிறது.